பச்சை மரத்துக்குள் பச்சைக்கிளிகளை வரைவது எப்படி? டிஜிட்டல் ஓவியத்துக்கு ஆலோசனை தேவை

கேள்வி – அல்சூர் மைனா

அன்பர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பறவை பார்ப்பது பள்ளிக்காலம் முதலே உள்ள பழக்கம். ஐபேடில் புரோகிரியேட் என்ற ஓவியச் செயலி கொண்டு வரைவது அண்மையில் தொற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் சாலைக்கு மேலே கிளைகள் பின்னிக்கொண்டு நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் மாலைதோறும் பச்சைக்கிளிகள் பெருங்கூச்சலோடு வந்து அடைகின்றன. அந்த மரத்தையும் கிளிகளையும் ஏ3 அளவில் ஒரே படமாக வரைந்து, ஜனவரியில் குமார கிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தைக்கு அச்சுப் பிரதிகளாக எடுத்துச் செல்ல விரும்புகிறேன்.

படத்தின் அமைப்பு இதுதான்: இடப்பக்கம் கரடுமுரடான அடிமரம், மேலே மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் அடர்ந்த இலைப்பரப்பு, அதற்குள் ஒன்பது கிளிகள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கிளிகளுக்கு உள்ளபடியே பச்சை கொடுத்தால் இலைகளுக்குள் தொலைந்துபோகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகச் சற்று வெளிர்நிறம் ஏற்றினால், கத்தரித்து ஒட்டிய ஸ்டிக்கர்போல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கறுப்பு வெளிக்கோடு போட்டால் பாடப்புத்தகப் படமாகிவிடுகிறது. இலைகளை நீலத்தின் பக்கம் தள்ளினால் அது எங்கள் தெரு மரமாகவே தெரிவதில்லை. இதற்கு ஓவியர்கள் என்ன செய்கிறார்கள்?

இன்னொன்று: இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து, கிளிகளின் தோளில் கருஞ்சிவப்புத் திட்டு வைத்திருக்கிறேன். அது நம் ஊர்க் கிளிக்குப் பொருந்தாது என்று பறவை பார்க்கும் தோழி ஒருவர் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – வெயில்நிழல்

படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இவ்வளவு விரிவாக எழுதியிருக்கும் நீங்கள் அதை மட்டும் சொல்லவில்லை என்பதைப் பார்த்தால், அதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். வெளிச்சம் முடிவாகாத படத்தில் பச்சையும் பச்சையும் பிரியாது.

இலை ஒளியைத் தன் ஊடாக விடும். கிளியின் உடல் விடாது. சூரியனை எதிரே வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தால், இலை ஒவ்வொன்றும் மஞ்சள் கலந்த இளம்பச்சையாக ஒளிரும். அதே கிளையில் உட்கார்ந்திருக்கும் கிளியோ, விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு ஓட, நீலம் தட்டிய கரும்பச்சையாக இருண்டு நிற்கும். விரித்த சிறகும் வாலும் மட்டும் இதற்கு விலக்கு. இறகுகளின் ஊடாகக் கொஞ்சம் ஒளி கசிவதாலும், வாலின் அடிப்பக்கம் மஞ்சளாக இருப்பதாலும், அந்த இடம் சட்டென்று பளிச்சிடும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் கதை வேறு: அப்போது இலையின் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலித்து வெளிறிய பளபளப்பைக் காட்டும், கிளியின் இறகுப் போர்வையோ மினுக்கம் இல்லாமல் ஒரே சீரான நிறத்தில் மெத்தென்று தெரியும். இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால்தான் நீங்கள் சொல்லும் ஸ்டிக்கர் தோற்றம் வரும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எல்லா லேயர்களுக்கும் (அடுக்குகளுக்கும்) மேலே ஒரு புதிய லேயரைச் சேர்த்து, முழுவதும் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை, அதாவது கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் முறையை, 'கலர்' என்று மாற்றுங்கள். படம் முழுவதும் சாம்பல் நிறத் தரங்களாக மாறிவிடும். நிறச்செறிவை (சாச்சுரேஷன்) சுழியாக்கும் முறையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மஞ்சளையும் இருட்டாகத் தெரியும் நீலத்தையும் அது ஒரே சாம்பலாக்கிவிடும். இப்போது கிளியும் இலையும் ஒரே சாம்பலில் இருந்தால், எந்த வெளிக்கோடும் உங்களைக் காப்பாற்றாது. வேறு வேறு சாம்பலில் இருந்தால், இரண்டுக்கும் எந்தப் பச்சை கொடுத்தாலும் பிரிந்து தெரியும்.

கிளியின் பச்சையைப் பற்றியும் ஒரு சொல். அதன் இறகில் பச்சை நிறமி என்று எதுவும் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது; கிளி இனத்துக்கே உரிய மஞ்சள் நிறமி ஒன்று அதனோடு சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. கூண்டில் வளர்த்துப் பெருக்கப்படும் கிளிகளில் நீலக் கிளிகள் பிறப்பதற்கு அந்த மஞ்சள் இல்லாமல் போவதுதான் காரணம். ஆகையால் நான் கிளி வரையும்போது, முதலில் சாம்பல்நீலத்தில் உடலின் உருட்சியை முழுவதும் வரைந்துவிட்டு, அதன்மேல் 'மல்டிப்ளை' லேயரில் மஞ்சளைப் பூசுகிறேன். நிழல் பக்கம் நீலம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்படி மஞ்சளைக் குறைக்கிறேன். இலையின் நிழலிலோ பக்கத்து இலைகளின் ஊடாக வடியும் மஞ்சள்பச்சை கலந்திருக்கும். இந்தச் சிறு வேறுபாடு போதும். தூரிகையை மாற்றக்கூடத் தேவையில்லை.

வெளிக்கோட்டைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். தலை, அலகு, வால் நுனி ஆகிய இடங்களில் மட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். வயிறும் சிறகின் மடிப்பும் இலையோடு கரைந்துபோனால் படத்துக்கு நல்லதே.

பதில் – குக்குறுவான்

உங்கள் தோழி சொன்னது சரிதான். தோளில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது பெரிய பச்சைக்கிளி. உருவத்திலும் அலகிலும் அது பெரியது. செந்தலைக் கிளியின் ஆணுக்கும் தோளில் சிறு திட்டு உண்டு, ஆனால் அதன் தலையே நாவல்சிவப்பாக இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. உங்கள் தெருவில் அடைவது, நாம் எல்லோரும் பச்சைக்கிளி என்றே சொல்லும் செந்தார்ப் பைங்கிளி. ஏறக்குறைய 40 செ.மீ. நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் வாலைக் குட்டையாக்கிவிடுகிறார்கள், கிளி லவ்பேர்ட் ஆகிவிடுகிறது.

ஒன்பது கிளிகளுக்கும் கழுத்தில் ஆரம் போட்டிருக்கிறீர்களா? தாடையில் தொடங்கும் கறுப்புக் கோடும் பிடரியில் அதைத் தொடரும் இளஞ்சிவப்பும் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே உரியவை. பெண்ணுக்கும் இளங்கிளிக்கும் அவை இல்லை. ஆணுக்கும்கூட ஆரம் தெளிவாக வர மூன்று ஆண்டுகள் வரை ஆகும். கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவை ஆரமில்லாமல் இருந்தால்தான் பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரும். அலகில் மேல்பாதி சிவப்பு; தென்னிந்தியக் கிளிகளுக்குக் கீழ்ப்பாதி கறுப்பு. வட இந்தியக் கிளிகளுக்கு அது பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும் என்பதால், புகைப்படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கும். கிளையைப் பிடித்திருக்கும் கிளியை முன்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல்கள் மட்டுமே தெரிய வேண்டும். குருவிக்குப் போடுவதுபோல் மூன்று விரல் போட்டுவிடாதீர்கள்.

கூண்டுக் கிளியின் படங்களை மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டாம். வால் இறகுகள் கம்பியில் உரசிச் சிதைந்திருக்கும். அலகும் நகமும் தேயாமல் நீண்டு வளர்ந்திருக்கும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பது தனிச் செய்தி. கப்பன் பூங்காவிலோ லால்பாகிலோ காலை வேளையில் ஒரு தொலைநோக்கியோடு நின்றால், கிளி தன் அலகால் சுள்ளியைக் கவ்வி, அதை மூன்றாவது காலாகக் கொண்டு மேலேறுவதைப் பார்க்கலாம். ஒன்பதில் ஒன்றாவது அப்படி ஏறிக்கொண்டிருந்தால், வரிசையாக உட்கார வைத்த பொம்மைத்தன்மை போய்விடும்.

இனி மரத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அதுதான். கிளிகள் அடையும் மாலை நேரத்தை வரைவதாகச் சொல்கிறீர்கள், இலைப்பரப்பு அடர்த்தியாக மூடியிருப்பதாகவும் சொல்கிறீர்கள். இரண்டும் சேராது. பொழுது சாயும்போது தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் இணையிணையாக மடிந்து தொங்கத் தொடங்கிவிடும். பகலில் வெயிலை மறைத்த அதே கிளைகளின் ஊடாக வானம் துண்டு துண்டாகத் தெரியும். கிளிகள் வந்து இறங்கும் நேரமும் அதுவே. ஆக, பச்சைமேல் பச்சை என்ற உங்கள் சிக்கலை மரமே பாதி தீர்த்து வைக்கிறது. வானத் துண்டுகளுக்கு நேராக நான்கைந்து கிளிகளை உட்கார வைத்தால், நீங்கள் ஒளியூட்டவே வேண்டியதில்லை.

பகல்தான் வேண்டுமென்றால் மரத்தை மாற்றிவிடலாம். முள்ளிலவு மரம் ஜனவரி முதல் மார்ச் வரை இலையுதிர்த்து, வெறுங்கிளை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள தடித்த சிவப்புப் பூக்களைச் சுமந்து நிற்கும். அதன் தேனுக்காக மைனா, காகம், அணில், கிளி என்று எல்லாம் வந்து மொய்க்கும். கிளைகள் அடிமரத்திலிருந்து அடுக்கடுக்காகக் கிடைமட்டமாகப் பிரிவதால், படத்தை அமைப்பதும் எளிது. இலவு காத்த கிளி என்று நாம் கேலி செய்தாலும், கிளி காய்க்காகக் காத்திருப்பதில்லை. பூவிலேயே வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிழித்தும் போட்டுவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லால்பாகில் பலகை வேர்களோடு நிற்கும் புகழ்பெற்ற முதுமரம் வேறு வகை இலவு. அதன் அடிமரத்தை வரைந்து கிளையில் சிவப்புப் பூ வைத்தால் தாவரவியல் அறிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள்.

எந்த மரமானாலும் அடிமரத்தில் ஒரு பொந்து வைக்கலாம். கிளிகள் ஆண்டின் முதல் மாதங்களில்தான் கூடு வைக்கும். பெரும்பாலும் மரங்கொத்தியோ, என் பெயர்க்காரப் பறவையோ குடைந்துவிட்டுப்போன பொந்துகளை அலகால் கடித்து அகலப்படுத்திக்கொள்ளும். புதிதாகக் கடித்த விளிம்பில் மரப்பட்டை நீங்கி வெளிறிய கட்டை தெரியும். அந்த வெளிறிய வளையத்துக்குள்ளிருந்து ஒரு பெண்கிளியின் தலை எட்டிப் பார்த்தால், இடப்பக்கத்து அடிமரம் வெறும் ஓரச்சட்டமாக இருக்காது.

பதில் – தினைப்புனம்

இருவரும் நுட்பமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இருவருமே கிளியை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்றே வழி தேடுகிறீர்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மரத்தடியில் நிற்கிறவருக்கு முதலில் கிடைப்பது சத்தம். அடுத்துக் கொறித்துப் போட்ட காய்த்துண்டு ஒன்று தோளில் விழும். அதன்பிறகும் கொஞ்ச நேரம் கழித்தே கிளி கண்ணில் படும். ஒன்பது கிளிகளும் பார்த்த மாத்திரத்தில் எண்ணக்கூடியவையாக இருக்கும் படத்தில் அந்த அனுபவம் எங்கே இருக்கிறது? இரண்டு மூன்றை மட்டும் தெளிவாக வைத்துவிட்டு, மற்றவற்றை இலைகளோடு இலைகளாக விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பார்க்கிறவர் தேடட்டும்.

அப்படி விடுவதற்கு ஒரு கொக்கி மட்டும் தேவை. அது சிவந்த அலகு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் வைக்க நாள்தோறும் செய்யப்படும் கிளியைப் பார்த்திருப்பீர்கள்: மரவள்ளி இலைகளை அடுக்கி உடல் அமைத்து, மாதுளம்பூவால் அலகு வைக்கிறார்கள். வளைந்த சிவப்பு ஒன்று சரியான இடத்தில் இருந்தால், இலைக்கொத்தையே கிளியாகப் பார்க்க நம் கண் தயாராக இருக்கிறது. உங்கள் படத்தில் மறைந்திருக்கும் கிளிகளுக்கும் அந்த ஒரு வளைவு போதும். உடலை வரையாமலே விட்டுவிடலாம்.

அலகு எதையாவது கவ்வியிருந்தால் இன்னும் நன்று. கிளியின் வளைந்த வாயில் இருக்கும் பொன்னிற வேப்பம்பழத்தை, அணியில் புதுநூல் கோப்பவனின் கூரிய நகங்களுக்கிடையே இருக்கும் பொற்காசுக்கு ஒப்பிடும் சங்கப் பாடல் ஒன்று உண்டு. அவ்வளவு சிறிய இடத்தைப் புலவர் உற்றுப் பார்த்திருக்கிறார். ஏ3 படத்தில் அது ஒரு விரல்நுனி அளவுதான் வரும் என்றாலும், படத்தின் மற்ற எல்லா இடங்களையும்விட அங்கே நேரம் செலவிடுவேன், நானாக இருந்தால்.

பதில் – அல்சூர் மைனா

மூவருக்கும் மிக்க நன்றி. இலைகள் மடிவதை இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் படத்தின் சிக்கலோடு சேர்த்து யோசிக்க இப்போதுதான் வழி கிடைத்தது. நேற்று மாலை மாடியிலிருந்து பார்த்தபோது, மேற்குப் பக்கத்துக் கிளைகளில் சிற்றிலைகள் மடிந்து, ஒவ்வோர் இலைக்காம்பும் மெலிந்த சீப்புகளாகத் தொங்கின. இடைவெளிகளில் தெரிந்த வானம் வெறும் ஆரஞ்சு நிறமில்லை. மேலே போகப்போகச் சாம்பல் கலந்த ஊதாவாக மாறியது.

முள்ளிலவு யோசனை கவர்கிறது என்றாலும், இந்தப் படம் எங்கள் தெருவின் படம் என்பதால் மரத்தை மாற்ற மனமில்லை. அதைத் தனியாக வரைந்துகொள்கிறேன். மாலையையே வைத்துக்கொண்டு, வானத்துக்கு நேராக மூன்று கிளிகளைத் தெளிவாகவும், மற்ற ஆறையும் தினைப்புனம் அம்மா சொன்னபடி அலகாலும் வாலாலும் மட்டும் தெரியும்படியாகவும் மாற்றி அமைக்கிறேன். வேப்பம்பழத்தைத் தூங்குமூஞ்சி மரத்தில் வைக்க முடியாது. அலகில் அதன் காய்த்துண்டு ஒன்றைக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். தோள் திட்டை நீக்கிவிட்டேன்.

அச்சைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய வடிவத்தை ஒரு கடையில் கொடுத்து மாதிரிக்கு அச்சடித்துப் பார்த்தேன். திரையில் துள்ளிய பச்சை, தாளில் பாசி படிந்த நிறமாக வந்தது. கடைக்காரர் கோப்பில்தான் கோளாறு என்கிறார். உண்மையா?

பதில் – கறுப்பு மை

கோப்பு, கடை இரண்டுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் அடிப்படைக் காரணம் மை. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு, நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. திரையில் காட்ட முடிகிற மிகச் செறிந்த பச்சைகளில் பல அந்த நான்கு மைகளுக்கு எட்டாதவை. எட்டாத நிறத்தை மென்பொருள் எட்டுகிற நிறமாக இழுத்துக்கொண்டுவரும்போது அது மங்கிப்போகிறது. மஞ்சளின் பக்கம் சாய்ந்த பச்சை ஓரளவு தப்பித்துக்கொள்ளும். மரகதப் பச்சையும் நியான் பச்சையும் அடிபடும். உங்கள் படம் இப்போது மாலை வெளிச்சத்துக்கு மாறிவிட்டதால், பாதிச் சிக்கல் தானாகவே குறைந்திருக்கும்.

கடைக்குப் போவதற்கு முன், அவர்களுடைய அச்சுப்பொறிக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை, அதாவது அவற்றில் நிறங்கள் எப்படி வரும் என்று விவரிக்கும் கோப்பை, கேட்டு வாங்கி, அச்சில் வரப்போவதைத் திரையிலேயே காட்டும் புரூஃப் வசதியுள்ள மென்பொருள் ஒன்றில் படத்தைத் திறந்து பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவே போதும். எந்த நிறம் எவ்வளவு மங்கும் என்பது அச்சடிக்கும் முன்பே தெரிந்துவிடும். கோப்பை ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 3508 × 4961 பிக்சல்களில் வைத்துக்கொண்டு, வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். சந்தைக்குத் தேவைப்படும் சில பத்துப் பிரதிகளுக்கு, பெருமளவில் அச்சடிக்க உதவும் ஆஃப்செட் முறை வேண்டாம். நிறமி மை பயன்படுத்தும் இங்க்ஜெட்டில், நான்கைவிடக் கூடுதலான மைகள் உள்ள பொறியாகப் பார்த்துக் கொடுத்தால், பச்சை இன்னும் நன்றாக வரும். விலை கூடும் என்பதை மறைக்கவில்லை.

மாலைப் படத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மினுக்கமில்லாத தாளில் இருள் பகுதிகள் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். நீங்கள் அரும்பாடுபட்டு மறைத்துவைத்த ஆறு கிளிகளும் அங்கேயே நிரந்தரமாக மறைந்துவிடும். ஆகவே நிழல்களைத் திரையில் தேவைப்படுவதைவிட ஒரு படி வெளிச்சமாக வைத்து, அந்தப் பகுதியை மட்டும் ஒரு துண்டாக வெட்டி அதே தாளில் சோதனை அச்சு எடுங்கள். அதைத் தெருவில் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், வீட்டுக்குள் டியூப்லைட்டிலும் பாருங்கள். சித்திரச் சந்தையில் வாங்குகிறவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று பார்த்து வாங்கி, மாட்டப்போவதோ வரவேற்பறைச் சுவரில்.

பதில் – வெயில்நிழல்

மாலை என்று முடிவாகிவிட்டதால் என் முதல் பதிலோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருப்பதால், ஒளி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் நுழைந்து கிளைகளின் அடிப்பக்கத்தைத் தொடும். கிளியின் முதுகு இருட்டாகவும் வயிறு செம்மஞ்சள் தட்டியதாகவும் இருக்கும். பகல் படத்தில் பழகிய கை முதுகில்தான் வெளிச்சம் வைக்கப் பார்க்கும், கவனித்துக்கொள்ளுங்கள். ஒளிக்கு நேராக இருண்டு நிற்கும் மூன்று கிளிகளுக்கும் ஆரத்தின் இளஞ்சிவப்பு தேவையில்லை. அந்த வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

பதில் – குக்குறுவான்

வழிமொழிகிறேன். கிளிகள் அடையும் மரத்தில் மைனாக்களும் காகங்களும் சேர்ந்தே அடைவது வழக்கம் என்பதால், கிளையோரத்தில் இரண்டு மைனாக்களுக்கும் இடம் கொடுங்கள். பழுப்பும் மஞ்சள் அலகுமாக அவை இருக்கும்போது, பச்சை நிறம் இன்னும் தூக்கலாகத் தெரியும். முழுப் படம் தயாரானதும் சாம்பல் வடிவத்தையும் சேர்த்து இங்கே போட்டால், அச்சுக்குப் போகும் முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.